இங்கு சௌந்தரம் அழுகை

1987 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் இருந்தவர்கள்: உபதேசியார் இம்மானுவேல். நாடகம் எழுதி நடத்திய கிறிஸ்டோபர். அவன் மனைவியும் அந்தப் பள்ளியின் ஆசிரியையுமான பியூலா. மைக்செட் ராஜகுரு, சாட்சியாக. ஜான்ராஜ் ஆகிய நான், புகார் கொடுத்தவன். என் மடியில் ஒரு நோட்டு.

நாடகத்தில் அம்மாவாக நடித்த சௌந்தரம் இல்லை. அவளையும் கூப்பிட வேண்டும் என்று மற்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை.

புகாரைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே இரண்டு மைலில் எங்கள் ஊர். பி.ஏ. இரண்டாம் வருடத்தில் கல்லூரியை விட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்குப் பாடம் பிடிக்கவில்லை, வாத்தியார்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை. மற்றவர்கள் வாரம் மாற்றி வாரம் பார்க்கும் மூன்றாம் ஷிப்டை நான் நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ராத்திரி பன்னிரண்டு முதல் காலை எட்டு வரை. அந்த மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்குத் தோதாக இருந்தது.

லீவு நாளிலும், லீவு போடாத பல நாளிலும் நான் ஏதாவது ஒரு ஊரில் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பேன். திருச்சுழி, பரளச்சி, காரியாபட்டி வட்டாரத்தில் எந்த ஊரில் எப்போது கோயில் பொங்கல் சாட்டி நாடகம் போடுவார்கள், எந்தச் சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சைக்கிளில் போவேன். முன்வரிசையில் உட்கார மாட்டேன். ராஜகுருவின் மைக்செட் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் மேடையும் தெரியும், தட்டிக்குப் பின்னால் ஏட்டைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுப்பவனும் தெரிவான். பதினோரு வருடத்தில் நூற்றுப் பத்து நாடகம் பார்த்திருந்தேன். அதில் நல்லது ஆறு.

மறுநாள் ரெட்டியபட்டி விலக்கு டீக்கடையில் என் கருத்தைச் சொல்வேன். கேட்டால்தான் சொல்வேன். கேட்பார்கள். நடித்தவர்களே மேக்கப் அரிதாரம் காதோரம் மிச்சமிருக்க வந்து நின்று கேட்பார்கள்.

திருச்சுழிப் பக்கம் ஒரு ராஜா நாடகம். ராஜா நீல வார் ரப்பர் செருப்போடு தர்பாருக்கு வந்தார். அதைக்கூட விட்டுவிடலாம். போரில் செத்து விழுந்தவர் திரைக்கு வெளியே விழுந்துவிட்டார். திரை இறங்கிவிட்டது. பிணம் இந்தப் பக்கம், மேடை அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு எழுந்து, கிரீடத்தைச் சரி செய்து, ராஜா மாதிரியே நடந்து திரையை விலக்கி உள்ளே போனார். அன்றைக்கு அந்த மேடையில் நடந்த ஒரே நல்ல நடிப்பு அதுதான் என்று சொன்னேன். அடிக்க வந்தார்கள்.

காரியாபட்டியில் போலீஸ் கதை. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டும்போது பின்னால் ஒருவன் ஓலைவெடி கொளுத்த வேண்டும். வெடி நமத்திருந்தது. வில்லன் பொறுத்துப் பார்த்துவிட்டு, சத்தமில்லாத குண்டில் தானாகவே செத்துப்போனான். அவன் பெண்டாட்டி வந்து தாலியைப் பிடித்து அழும்போது வெடி வெடித்தது. அவள் அழுகையை விட்டுவிட்டு, "எவண்டா அவன்" என்றாள். அந்த நாடகத்தில் மனிதர் பேசுவது போல் இருந்த ஒரே வசனம் அது என்றேன். அதற்கும் கோபம்.

சபை நாடகங்களும் குறைச்சல் இல்லை. ஏரோது ராஜாவாக எப்போதும் மீசை பெரிதாக இருப்பவனைப் போடுவார்கள், நடிக்கத் தெரிந்தவனைப் போட மாட்டார்கள். மேய்ப்பர்கள் தலையில் குற்றாலத் துண்டு. எல்லா ஊரிலும் மேடை நடுவில் ஒற்றை மைக் தொங்கும். காதல், கொலை, தேவதூதன் வருவது எல்லாம் அந்த ஒரு சாண் இடத்திலேயே நடக்கும். கொலைகாரனும் செத்தவனும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு மைக்குக்குக் கீழே நிற்பார்கள்.

இன்னொரு வழக்கம் உண்டு. எங்கள் பக்கம் ஊர்ப் பெண்கள் மேடை ஏறுவதில்லை. நடிகையை வெளியூரிலிருந்து கூலி பேசி வரவழைப்பார்கள். அவள் நாடகத்தன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஒரே ஒரு ஒத்திகை. அதற்குள் எவ்வளவுதான் மனப்பாடம் செய்ய முடியும்? அதனால் எழுதுகிறவர்கள் அம்மாவோ மனைவியோ அழ வேண்டிய இடம் வந்தால் ஏட்டில் அடைப்புக்குறி போட்டு, 'இங்கு சௌந்தரம் அழுகை' என்று எழுதி, நாலு வரி காலியாக விட்டுவிடுவார்கள். சௌந்தரம் காரியாபட்டிக்காரி. நாற்பது வயதிருக்கும். தாலி அழுகை, பிள்ளை அழுகை, ஜப்தி அழுகை, சந்தேகப்படும் புருஷனிடம் அழும் அழுகை என்று அவளிடம் ஏழெட்டு இருந்தன. அந்தக் காலியிடத்தில் ஒன்றைத் தூக்கி வைப்பாள். எந்த ஊரில் எது வரும் என்று நான் ராஜகுருவிடம் முன்கூட்டியே சொல்வேன். தப்பாது.

"அம்புட்டும் தெரியுதுல்ல, நீயே ஒண்ணு எழுத வேண்டியதுதானலே" என்று ராஜகுரு ஒருநாள் சொன்னான்.

எழுதினேன். மில்லில் நூல் பெட்டியில் எடை குறிக்க ஊதாப் பென்சில் கொடுப்பார்கள். நுனியை நாக்கில் தொட்டு எழுதினால் மை மாதிரி ஊறும். அதால் மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக எழுதினேன். 1984 பங்குனியில் பரளச்சி இளைஞர்கள் அதைப் போட்டார்கள். வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டுச் செத்த மகனை மாட்டுவண்டியில் கொண்டுவந்து அம்மா முன்னால் இறக்குவதுதான் உச்சக்கட்டம். என் ஏட்டில் காலியிடம் கிடையாது. அம்மாவுக்கு முழு வசனமும் எழுதியிருந்தேன். நடிகை சௌந்தரம்தான்.

அன்று நடந்தது இது. பிணமாகக் கிடந்த உக்கிரபாண்டி என்கிறவனுக்குக் கொசுக்கடி. இறக்கி வைத்தவுடன் தொடையில் பட்டென்று ஒரு அடி போட்டான். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. சௌந்தரம் வந்தாள். பிணத்தைப் பார்த்தாள். இறக்கியவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "நெழல்ல போடுங்கய்யா. அவனுக்கு வெயிலு ஆகாது." இன்னும் சிரித்தார்கள். யாரோ குடை கொண்டுவரச் சொல்லிக் கத்தினான். திரையை இறக்கிவிட்டோம். அதோடு என் நாடகம் முடிந்தது. அதற்குப் பிறகு எந்த ஊரும் என்னை எழுதக் கூப்பிடவில்லை.

நான் உக்கிரபாண்டியைக் குறை சொன்னேன், கொசுவைக் குறை சொன்னேன், பரளச்சிக்காரர்களைக் குறை சொன்னேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மிஷின் சத்தத்தில் நின்றுகொண்டு அதை எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். இந்தச் சீமையில் இதைவிட நல்ல வசனம் எவனும் எழுதவில்லை என்று தோன்றும்.

இரண்டே முக்கால் வருடம் கழித்து, கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிறு, எங்கள் ஊர்ச் சபை வளாகத்தில் கிறிஸ்டோபரின் நாடகம்.

கிறிஸ்டோபர் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ரேஷன் கடையில் எடை போடுகிறவன். எப்போதும் சிரிப்பான். அவன் பார்த்த நாடகம் மொத்தம் பத்து இருக்கும், அதிலும் பாதியில் தூங்கியிருப்பான். அவன் எழுதிய முதல் நாடகம் அது. மழை இல்லாத வருடத்தில் பட்டாசு வேலைக்குப் போன மகன் தீயில் செத்து வீட்டுக்கு வருகிறான். அவ்வளவுதான் கதை. அரைமணி நேரம் நான் நிம்மதியாகவே நின்றேன். வசனம் தட்டை. பண்ணையார் மைக்கை விட்டு நகரவில்லை. நாளைக்கு டீக்கடையில் சொல்வதற்கு நாலைந்து விஷயம் சேர்ந்துவிட்டது.

பிறகு மகனைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் துணியால் முழுக்கச் சுற்றியிருந்தது. சௌந்தரம் உள்ளேயிருந்து வந்தாள், கையில் அரிசி புடைக்கிற சுளகோடு. நான் ராஜகுருவின் காதில், "பிள்ளை அழுகை வருது பாரு" என்றேன்.

அவள் அழவில்லை. சுளகைக் கீழே வைத்தாள். சுமந்து வந்தவர்களிடம், ஏதோ விறகுக் கட்டை இறக்கச் சொல்வது போலச் சொன்னாள்: "நெழல்ல போடுங்கய்யா. அவனுக்கு வெயிலு ஆகாது."

தீயில் வெந்தவனுக்கு.

நானூறு பேர் இருந்தோம். ஒரு குழந்தை அழுதது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். ராஜகுரு மைக்செட் திருகில் கை வைத்தபடி அப்படியே நின்றான். பண்ணையாராக நடித்தவன் மேடையிலேயே கண்ணைத் துடைத்தான். திரை இறங்கியும் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கிறிஸ்டோபரைத் தூக்கினார்கள். அவன் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு, கூட்டத்தின் தலைக்கு மேலே போனான்.

நான் கூட்டத்தை விட்டு விலகினேன். போய்ப் புளியமரத்தடியில் நின்றேன். என் வசனம். எனக்கு அது குடையும் சிரிப்புமாக வந்தது. அவனுக்கு நானூறு பேரின் கண்ணீராக வந்தது. அவனைப் பிடித்துக் கீழே இழுத்து, கூட்டம் அவனைத் தூக்கிய அந்தக் கைகளிலேயே நான் ஏறிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மறுநாள் டீக்கடையில் கேட்டார்கள்.

"நாடகம் நல்லாருக்கு" என்றேன். "நல்லாருக்குற எடம் மட்டும் என்னோடது."

வெள்ளிக்கிழமைக்குள் அது உபதேசியார் வரை போய்விட்டது. சாதாரண நாளாக இருந்தால் அவர் என்னை ஜெபம் பண்ணச் சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் நாடகத்தைப் பார்க்க வந்த யாரோ மதுரையில் சொல்லி, பிப்ரவரியில் அங்கே நடக்கும் சபைகளின் நாடகப் போட்டிக்கு எங்களுக்கு அழைப்பு வந்திருந்தது. கட்டடத்துக்குள் மேடை, மூன்று மைக், நாற்காலி போட்ட கூட்டம். எழுதியவர் பெயர் அச்சடித்த தாளில் வரும். அந்தத் தாளில் 'வசனம்: ஜான்ராஜ்' என்று இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான். அதைச் சொன்னேன்.

"ஏட்டக் கொண்டா தம்பி" என்றார் உபதேசியார். "ஞாயித்துக்கெழம ஆராதன முடியவும் பாத்துருவோம்."

ஏடு இருக்கும் இடம் எனக்குத் தெரியும், பரணில் டிரங்குப் பெட்டியில். அதை எடுக்காமல் முதலில் காரியாபட்டிக்குப் போனேன். சௌந்தரமே சொல்லிவிட்டால் கிறிஸ்டோபர் வாயைத் திறக்க முடியாது என்று கணக்கு.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஜிகினா தைத்துக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. ரெட்டியபட்டில இருந்தா வார? கிறிஸ்டோபர் தம்பி அனுப்பிச்சா?"

"இல்லக்கா. ஒரு விசயம் கேக்கணும். கடைசில நெழல்ல போடச் சொல்வீகள்ல. அது யாரு வசனம்?"

"ஏன், நல்லால்லையா?"

"நல்லாருக்கு. என் நாடகத்துல உள்ளதுதான அது? பரளச்சில?"

அவள் ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒன் நாடகத்துல சொன்னதுதான். ஆனா ஒன் நாடகத்துல உள்ளதில்ல."

"புரியல."

"ஒண்ணரப் பக்கம் எழுதிக் குடுத்த, ஞாபகமிருக்கா? அம்புட்டும் நாக்குல நிக்காது தம்பின்னேன். நின்னாத்தான் நாடகம்னு என்னையப் போட்டு வைஞ்ச. மேடைக்கு வந்தா அந்தப் பய தொடையில அடிக்கான், கூட்டம் சிரிக்குது, எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. எங்கண்ணந்தான் ஞாபகம் வந்தான்."

அவள் அண்ணன் கிணறு வெட்டப் போனவன். மண் சரிந்து செத்தான். தூக்கி வந்தவர்கள் ரோட்டில் வெயிலில் போட்டார்கள். அவள் அம்மா அழவில்லை, மாரில் அடிக்கவில்லை. அதை மட்டும் சொன்னாள். பிறகு சாகும்வரை அந்த அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"எங்கம்மா சொன்னது அது. எந்த ஊர்லயும் சொன்னதில்ல. ஒன் நாடகத்துல வாய் தானாச் சொல்லிருச்சு. சிரிச்சாய்ங்க. சரி, இனி இத வெளிய எடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். கிறிஸ்டோபர் தம்பி, ஒங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்கக்கா, அழுகாட்டியும் சரிதான்னுச்சு. அப்படி எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. அதான் சொன்னேன்."

அவள் மறுபடி ஊசியை எடுத்தாள்.

"மதுரைக்கு நானும் வாரேன்ல தம்பி? மூணு மைக்காம்ல. நான் இருபது வருசமா தார்ப்பாய்க்குக் கீழதான் நடிச்சிருக்கேன். கட்டடத்துக்குள்ள நடிச்சதில்ல."

"வருவீகக்கா" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். படிக்காதவள், எது தன்னுடையது எது ஏட்டிலிருந்தது என்று குழப்பிக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கி நோட்டை எடுத்தேன். அந்தக் கட்டம் முப்பத்தெட்டாம் பக்கம். 'வானமே, நீ இடிந்து விழ மாட்டாயா? பூமியே, நீ பிளந்து என்னை விழுங்க மாட்டாயா?' என்று தொடங்கியது. சூரியனைத் திட்டியிருந்தேன். காற்றைத் திட்டியிருந்தேன். ஒன்றரைப் பக்கத்துக்கு அந்த அம்மா இயற்கையில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. நிழல் என்ற சொல்லே இல்லை.

வேறு எவனாவது எழுதி நான் கேட்டிருந்தால் மறுநாள் டீக்கடையில் அவனைக் கிழித்திருப்பேன்.

அதுவரை கிறிஸ்டோபர் மேல் இருந்த பொறாமை ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவனும் என்னைப் போல எழுதியவன். என்னைவிட ஒரு நாள் அதிர்ஷ்டம் அதிகம், அவ்வளவுதான். இவள் எழுதக்கூட இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு வரி சொல்லிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போகிறவள். நான் மூன்று மாதம் ராத்திரி முழுக்க விழித்து எழுதியதெல்லாம் அவள் வாய் தவறிச் சொன்ன ஒன்றுக்குக் கால் தூசி பெறவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான்.

முப்பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. சட்டைப் பையில் மில் பென்சில் இருந்தது. நுனியை நாக்கில் வைத்தேன். எழுதினேன். 'நெழல்ல போடுங்கய்யா. அவனுக்கு வெயிலு ஆகாது.' அதே பென்சில், அதே கை. மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியது போலவே இருந்தது. விரலால் இரண்டு முறை தேய்த்தேன். போதும் என்று விட்டேன்.

அந்த நோட்டுதான் ஞாயிற்றுக்கிழமை என் மடியில் இருந்தது.

உபதேசியார் ராஜகுருவிடம் முதலில் கேட்டார். அவன் உள்ளதைச் சொன்னான். "பரளச்சில இவன் நாடகத்துல அந்தக்கா இதே வசனத்தத்தான் சொன்னாக. எங்காதால கேட்டேன். நாந்தான் மைக்கு." அவன் சொன்னது முழுக்க உண்மை. அது எனக்குத்தான் உதவியது.

நான் நோட்டை விரித்து முப்பத்தொன்பதாம் பக்கத்தை மட்டும் காட்டினேன். மேலே உள்ளதைக் கையால் மறைத்துக்கொண்டேன். உபதேசியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். தலையாட்டினார்.

கிறிஸ்டோபர் சண்டை போடுவான் என்று தயாராக வந்திருந்தேன். அவன் தன் ஏட்டை எடுத்து மேசையில் வைத்தான். அடைப்புக்குறிக்குள் 'இங்கு சௌந்தரம் அழுகை'. கீழே நாலு வரி காலி.

"நான் எழுதலய்யா. எழுதுனேன்னு எங்கயும் சொல்லல. தூக்குனப்பவும் அந்தக்காவத்தான் தூக்கணும்னு சொன்னேன், சத்தத்துல எவனுக்கும் கேக்கல. அது அந்தக்கா சொந்தமாப் பேசுனதுன்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பினான். "ஏலே ஜானு, நீ எழுதுனதுன்னா சந்தோசம். ஒம் பேரப் போட்டுருவோம். ஆனா ஒரு விசயம் இருக்கு."

அந்த விஷயம் எனக்குத் தெரியாது. மதுரைக் கடிதத்தில் ஒரு விதி இருந்தது. சபையைச் சேர்ந்தவர்கள் மட்டுமே மேடை ஏறலாம். கூலிக்கு நடிப்பவர்கள் கூடாது. கிறிஸ்டோபர் உபதேசியாரைச் சம்மதிக்க வைத்து, ஒருவருக்கு மட்டும் விலக்குக் கேட்டுக் கடிதம் எழுத ஏற்பாடு செய்திருந்தான். இந்தக் கட்டம் அந்த அம்மாள் தானே உண்டாக்கியது, அவர் இல்லாமல் இந்த நாடகம் இல்லை என்று எழுதுவதாக இருந்தார்கள்.

"எழுதியாச்சு, கையெழுத்துத்தான் பாக்கி" என்றார் உபதேசியார். கடிதம் அவர் வேதாகமத்துக்குள் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். "இப்ப அப்படி எழுத முடியாதுல்ல தம்பி. அந்தம்மா உண்டாக்குனதுன்னு எழுதுனா பொய்யாப் போகும். ஏட்டுல இருக்கே. எழுதுன வசனம்னா யாரு வேணா பேசலாம்ல."

"யாரு வேணா பேச முடியாதுய்யா" என்றான் கிறிஸ்டோபர்.

"ஏன், பியூலா டீச்சர் இருக்காக. ஞாயிறு பள்ளியில பாட்டெல்லாம் சொல்லிக் குடுக்குறாக."

பியூலா, "எனக்கு வேணாங்கய்யா, எனக்கு நடுங்கும்" என்றாள்.

கிறிஸ்டோபர் மறுபடி என்னைப் பார்த்தான். "ஜானு, மெய்யாவே நீ எழுதுனதுதானா?"

அவன் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் நம்பிவிடுவான். நம்புகிறவனாகவும் இருந்தான், அவளுக்காகப் பேசுகிறவனாகவும் இருந்தான், நாடகமும் நன்றாக எழுதிவிட்டான். அவ்வளவும் ஒருத்தனுக்கே எதற்கு?

"ஏட்டுல இருக்குல்ல" என்றேன்.

உபதேசியார் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

சௌந்தரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். தன்னால் முடியாது என்றான் கிறிஸ்டோபர். நான் கார்டு போடுகிறேன் என்றேன். போடவில்லை. மறந்துபோகவில்லை. என்ன எழுதினாலும் அந்தக் கார்டில் அவள் அண்ணன் வந்துவிடுவான் போல் இருந்தது.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை மத்தியானம் அதே அறையில் ஒத்திகை. எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் வசனகர்த்தா. பெஞ்சில் துணி சுற்றிய மகன் கிடந்தான். பியூலா வெள்ளைச் சேலையில், கையில் சுளகோடு வந்தாள். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவது போலச் சொன்னாள்: "நெழல்ல போடுங்கய்யா. அவனுக்கு வெயிலு ஆகாது."

"கொஞ்சம் மெதுவா டீச்சர்" என்றேன்.

"'நிழலில்'னு திருத்திச் சொல்லவா அண்ணே? மதுரையில பெரிய ஆளுகள்லாம் வருவாக."

"வேணாம். அப்படியே சொல்லுங்க."

மறுபடி சொன்னாள். இந்த முறை அழுதாள். அழுகையில் 'வெயிலு' கேட்கவில்லை. கிறிஸ்டோபர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நூற்றுப் பத்து நாடகம் பார்த்த என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், செத்த வசனம் என்று சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் சௌந்தரம் வந்தாள். ஒத்திகைத் தேதி அவளுக்கு முன்பே தெரியும், இரண்டு மணி பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் பை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்து பியூலாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன டீச்சர், நான் வரமுன்ன என் பிள்ளைய எறக்கிட்டீக?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கியது.

உபதேசியார்தான் சொன்னார். விதியைச் சொன்னார், கடிதத்தைச் சொன்னார், ஏட்டைச் சொன்னார். "வசனம் ஜான்ராஜ் தம்பி எழுதுனதுன்னு ஆகிப்போச்சும்மா. அதான்."

"எந்த வசனம்?"

"அந்த நெழல்..."

அவள் என்னிடம் வந்தாள். "ஏட்டுல இருக்கா தம்பி? எனக்கு எழுத்து தெரியாது. வாசி, கேக்கேன்."

வாசித்தேன். என் குரல் எனக்கே மில்லுக்குள் பேசுவது போல் கேட்டது.

"அதேதான்" என்றாள். "ஒரு எழுத்து மாறல. அதுக்கு மேல என்ன இருக்கு? வானம் இடிஞ்சு விழணும்னு ஒண்ணு வருமே. அதையும் வாசி. அம்புட்டையும் டீச்சர் பேசட்டும்."

"என்ன வானம்?" என்று கிறிஸ்டோபர் கேட்டான். சுவரை விட்டுத் திரும்பியிருந்தான். "ஏலே, அந்த ஏட்டக் குடு."

நான் நோட்டை மூடித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "ஒத்திகைக்கு நேரமாச்சு" என்றேன்.

"குடுக்க மாட்டான், விடு தம்பி" என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் பியூலா பக்கம் போனாள். சுளகை அவள் கையிலிருந்து வாங்கி, இடுப்பில் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டி, திருப்பிக் கொடுத்தாள். "அழுதுறாதீக டீச்சர். அந்தம்மா அழல."

"எந்தம்மா?" என்றாள் பியூலா.

சௌந்தரம் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லும் வேலையை எனக்கு விட்டுவிட்டது போல் நின்றாள். கிறிஸ்டோபர் பார்த்தான். உபதேசியார் பார்த்தார். பெஞ்சில் கிடந்த பிணம் துணியை விலக்கிப் பார்த்தது. இரண்டு சொல் போதும். இவுக அம்மா, அவ்வளவுதான்.

"மூணு மணி பஸ்ஸு போயிரும்க்கா" என்றேன்.

அவள் பையை எடுத்தாள். எங்கள் ஊரில் புறப்படுகிறவர்கள் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். அவள், "போறேன்" என்றாள். வாசற்படியில் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. கிறிஸ்டோபர் வெளியே போக ஒரு எட்டு எடுத்து வைத்தான். அவனுக்கு முன்னால் நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை இழுத்தேன். பள்ளிக்கூடப் பூட்டு சாவியோடு உள்கொண்டியில் தொங்கியது. அதை மாட்டி, அழுத்தி, சாவியைத் திருகி எடுத்தேன்.